ஊர் திரும்பாத பாண்டியனை நம் கூட்டங்களுக்கு அழையுங்கள்

மும்பைத் தமிழ் அமைப்புகளில் இலக்கியக் கூட்டங்களை நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

புலம்பெயர்ந்தோர் வாழ்வைச் சொல்லும் நாவல்களுக்கென்று தனியாகச் சில அமர்வுகள் வைக்கப்போவதாக உங்களில் சிலர் சொன்னீர்கள். முதலில் எந்த நாவலை எடுக்கலாம் என்றும் கேட்டீர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நாவலை நம் மேடையில் எப்படி வாசிக்கப்போகிறோம் என்பதுதான் என் கவலை. அதனால்தான் தனியாகப் பேசி முடிக்காமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். சயானிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு அரங்கு. ஊரிலிருந்து வந்த பேச்சாளர் தாமிரபரணியில் தொடங்குவார். கோயில் கொடை, பனங்கிழங்கு, ஆற்றங்கரை என்று போகும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கண் கலங்குவார்கள். கடைசியில், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊரும் தெரியவில்லை, மொழியும் ஒழுங்காக வரவில்லை என்று ஒரு வருத்தம் பதிவாகும். அந்தப் பிள்ளைகளில் நாலைந்து பேர் பின்வரிசையில் உட்கார்ந்துதான் இருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை.

பெரியவர்களின் ஏக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் அப்பாவுக்கும் அது இருந்தது. திருநெல்வேலி வண்டி கிளம்பும் நேரம் அவருக்கு மனப்பாடம். ஊருக்குப் போகிற யாரையாவது ஏற்றிவிடுவதற்காகவே தாதருக்குப் போய் வருவார். ஆனால் ஊரைவிட்டு வந்தவர்களின் இலக்கியம் என்றாலே ஊரை நினைத்து அழுவதுதான் என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அப்படி அழ முடியாதவர்களுக்கு அதில் இடம் இல்லை என்றும் ஆக்கிவிட்டோம். தமிழில் இந்த வாழ்க்கையை எழுதியவற்றில் ஆகப் பெரியது என்று நான் நினைக்கும் நாவல் அந்த முடிவுக்கு நேர் எதிராக நிற்கிறது.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பலேறி, இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946-இல் திரும்பினார். பிறகு மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் நெடுங்காலத் தனி வாழ்க்கை. 1997-இல் காலமானார். மொத்தம் எழுதியது இரண்டு நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பல வருஷம் காத்துக் கிடந்து 1972-இல்தான் அச்சேறியது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை.

அவர் போன அந்த உலகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பினாங்கிலும் மேடானிலும் ரங்கூனிலும் செட்டிநாட்டார் நடத்திய வட்டிக்கடைகளில் பயணம் என்பது பேரேட்டில் எழுதிவைத்த சமாச்சாரம். மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊர், கொஞ்ச நாள் இருப்பு, மறுபடி கப்பல். பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் அடுத்தாளாகி, அதிர்ஷ்டமும் நாணயமும் இருந்தால் மேலாளாகி, ஒருநாள் சொந்தமாகக் கடை போடுவான். இடையில் அவன் மாறக் கூடாது. சாப்பாடு ஊர்ச் சாப்பாடு, சாமி ஊர்ச் சாமி, பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஊரில். உடம்பு மட்டும் கடல் தாண்டியிருக்கும். மற்ற எல்லாவற்றையும் கடை பத்திரமாகக் கட்டிவைத்து, கணக்கு முடிகிற அன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்த ஏற்பாடு அவ்வளவு கச்சிதமானது.

1942 மார்ச்சில் ஜப்பான் படை வடக்குச் சுமத்ராவில் இறங்கியது. ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 15-ஆம் தேதி, சிங்கப்பூர் வீழ்ந்திருந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, வட்டி நின்றது. ஊருக்கும் கடைக்கும் இடையில் இருந்த கயிறு அறுந்தது. ஜப்பானியர் மேடானுக்குள் வருவதைத் தெருவோரம் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில்தான் நாவல் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் நிற்கும் பாண்டியன் அந்த நேரத்தில் நாயகன் இல்லை, போராளி இல்லை. கடைக்காரர்களின் உலகத்தில் வேலை பார்க்கும் ஒரு சின்னமங்கலத்துக்காரன். இனி அவனைக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்ப யாரும் இல்லை. அவன் பயணம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. மாற்றமும் அங்கேதான்.

மேடானிலிருந்து பினாங்குக்கு மலாக்கா நீரிணையைத் தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் கடக்கும் பகுதியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். சரக்கோடு சரக்காக வியாபாரிகள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. அதுவரை கடைத்தெருப் பேச்சும் கிண்டலுமாக நடந்துவந்த நடை அந்த இடத்தில் அறுபடத் தொடங்குகிறது. நீண்ட வாக்கியங்கள் போய், ஒற்றைச் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதுகின்றன. எது கடல், எது வானம் என்று தெரியாத நேரத்தில் எழுவாய், பயனிலை என்று உட்கார்ந்து எழுத முடியாது என்பது சிங்காரத்துக்குத் தெரிந்திருக்கிறது. இதை யாராவது உரக்கப் படித்துக் கேளுங்கள், மூச்சு வாங்கும். நாவலின் தலைப்பு இந்த இடத்திலிருந்து எழுவது. பயணம் என்றால் இங்கிருந்து அங்கே போவது என்ற நினைப்பை இந்தப் பக்கங்கள் உடைத்துப்போடுகின்றன. நீரிணையின் நடுவில் மேடானும் இல்லை, பினாங்கும் இல்லை, சின்னமங்கலமும் இல்லை. தோணியில் ஏறியவர்கள் கரையில் இருந்தபோது யாராக இருந்தார்களோ அதற்கு அங்கே பெறுமானம் கிடையாது.

பிறகு பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகு மலேயாவின் தமிழர்கள் திரள் திரளாகச் சேர்ந்தது வரலாறு. தோட்டத் தொழிலாளியும் கடைப் பையனும் ஒரே வரிசையில் துப்பாக்கி பிடித்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அந்தப் படை கலைந்தது. பலர் பழைய வேலைக்கே திரும்பிப் போனார்கள். பாண்டியன் மறுபடி கடல் தாண்டி, டச்சுக்காரர்களை எதிர்த்துப் போராடும் இந்தோனேசியர்களோடு சேர்கிறான். ஊர் நினைப்பு அவனுக்குள் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் சுமத்ரா மண்ணில் குண்டடிபட்டு விழுகிறான். ஊர் திரும்பவில்லை.

திரும்பி வந்தவனுக்கு என்ன ஆகும் என்பதை இந்த நாவலுக்கு முன்பே, 'கடலுக்கு அப்பால்' நாவலில், சிங்காரம் எழுதிவிட்டார். என் கணக்கில் இரண்டும் ஒரே நாவலின் இரண்டு முகங்கள். அதில் செல்லையா பினாங்கில் வானாயீனாவின் கடையில் வேலை பார்த்தவன், முதலாளி மகள் மரகதம்மேல் விருப்பம், அவளுக்கும்தான். போர் வருகிறது, பட்டாளத்துக்குப் போகிறான், உயிரோடு திரும்பி வருகிறான். முதலாளி பெண் கொடுக்க மறுக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவன்மேல் பாசம் உள்ளவரும்கூட. ஆனால் துப்பாக்கி பிடித்த கை இனிமேல் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதாது என்பதை அவர் கண்டுகொள்கிறார். அவன் நடை மாறிவிட்டது, பார்வை மாறிவிட்டது. இந்த நாவலை நினைக்கும்போதெல்லாம் நம் கூட்டங்களின் மேடைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மாறி வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, நீ பழைய ஆள் இல்லை என்று சொல்லும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். வானாயீனாவுக்காவது தன் கடையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இந்தப் பார்வை சிங்காரம் புதிதாகக் கொண்டுவந்தது இல்லை. ஊர்விட்டு ஊர் போவதில்தான் நம் முதல் காப்பியமே நகர்கிறது. விடிவதற்கு முன் புகாரை விட்டுக் கிளம்பும் கண்ணகி, கொஞ்ச தூரம் நடந்ததுமே கால் நொந்து, மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். ஆறைங்காதம்தான், பக்கத்தில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான் கோவலன். ஆறைந்து முப்பது என்பது பொருள்; கேட்பவளுக்கு ஆறோ ஐந்தோ என்றும் படும். முப்பது காதத்தை அவளுக்காகக் குறைத்துச் சொல்லும் அந்தச் சிரிப்பில் அவன் துக்கம் முழுக்க இருக்கிறது. அப்படி நடக்கத் தெரியாமல் கிளம்பியவள்தான் மதுரையில் அரசன் முன்னால் நின்று வழக்குரைத்தாள். அதற்குப் பிறகும் அவள் புகாருக்குத் திரும்பவில்லை. மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் வேங்கை மர நிழலில் போய் நின்றாள். அங்கே குறவர்கள் அவளைக் கண்டார்கள், சேரன் கல் எடுத்துக் கோயில் கட்டினான். சோழநாட்டில் பிறந்தவள் சேரநாட்டில் தெய்வமானதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

அதே நூலில் காடுகாண் காதையில் வரும் அடிகள் நீங்கள் அறியாதவை அல்ல:

'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்'

பிரிவுக்கென்று நம் முன்னோர் வகுத்த திணை பாலை. அது தனியாக ஒரு நிலம் இல்லை. மழை பொய்த்து வெயில் ஏறும்போது காடும் மலையும் எடுத்துக்கொள்ளும் கோலம் அது. வழிநடப்பவன் மாறுவது இருக்கட்டும், வழியே மாறுகிறது, அவன் விட்டுவந்த இடமும் மாறுகிறது. சின்னமங்கலம் பாண்டியன் நினைவில் இருக்கிறபடி நிஜத்தில் நின்றுகொண்டிருக்கவில்லை. நம் பேச்சாளர்கள் சொல்லும் ஆற்றங்கரையும் அப்படித்தான். ஊரிலேயே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இதைத் தள்ளிவிட்டு நாவலை வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்த ஒரு கூட்டமே சாட்சி. எந்த அமைப்பு என்பது வேண்டாம். சின்னமங்கலத்துச் சந்தையைப் பாண்டியன் நினைத்துப் பார்க்கும் பக்கங்களை மட்டும் ஒருவர் அருமையாகப் படித்தார். மதுரைத் தெருக்கள் வரும் இடத்திலும் கொஞ்சம். கைதட்டல். உடனே, கடல் கடந்தாலும் தமிழன் தன் ஊரை மறப்பதில்லை என்று முடித்துவிட்டார்கள். தொங்கான் இல்லை, புயல் இல்லை, பட்டாளம் இல்லை, அவன் சாவு இல்லை. அந்த நினைவுப் பக்கங்கள் அழகானவைதான். நானும் அவற்றில் மனதைப் பறிகொடுத்தவள். ஆனால் நாவலில் அவை எங்கே வருகின்றன என்று பாருங்கள். திரும்ப முடியாத தூரத்துக்கு வந்துவிட்ட ஒருவனுக்குள் அவை எழுகின்றன. அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டு நினைவை மட்டும் எடுத்தால் அது சந்தை வர்ணனையாகத்தான் மிஞ்சும்.

அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னிடம் பேசினாள். தாராவி நைன்டி ஃபீட் ரோடு பக்கம் வீடு; கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாவலை அவள் தாத்தா படிக்கக் கேட்டிருக்கிறாள். மேடான் கடைத்தெருவில் தமிழும் மலாயும் சீனமும் டச்சும் ஒருவர் வாயிலேயே புரள்கிற இடத்தில், எங்கள் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) மாதிரியே இருக்கிறது என்று சிரித்தாளாம். அவள் வீட்டில் பாட்டியிடம் தமிழ், தம்பியிடம் இந்தி, பக்கத்துக் கோலி ஆயியிடம் மராத்தி. "ஆன்ட்டி, பாண்டியன் ஊருக்குப் போயிருந்தா அவங்க அவனை ஒத்துக்கிட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். அன்று மேடையில் பேசிய ஒருவரும் கேட்காத கேள்வி அது. 'கடலுக்கு அப்பால்' நாவலே அந்தக் கேள்விக்கான பதில்தான் என்று அவளிடம் சொன்னேன். இப்போது அதைத் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அப்படி வந்த குடும்பங்கள்தான் தாராவியின் பதனிடும் தொட்டிகளில் நின்றன. பாந்த்ராவில் இருந்த அறுப்புக்கூடம் 1971 வாக்கில் தேவனாருக்குப் போனது. பதனிடும் தொழிலும் மெல்ல மெல்ல தாராவியைவிட்டு வெளியேறியது. தொட்டியில் நின்றவர்களின் பிள்ளைகள் பை தைத்தார்கள், கடை வைத்தார்கள். பெண்கள் விடியற்காலையில் மாவரைத்து இட்லி அவித்துத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். 1966-இல் சிவசேனை தொடங்கித் தென்னிந்தியர்களை எதிர்த்த காலத்தில் கடைப் பலகையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த கதையை எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பாட்டி இங்கே வந்து இறங்கியபோது இருந்த மனுஷி இல்லை இப்போது. இதைக் குறை என்று யார் சொல்ல முடியும்?

இப்போது தாராவிக்காரர்களுக்கு மறுபடி ஒரு பெயர்ச்சி காத்திருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதைக் காட்ட முடிந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளே வீடு. பின்னால் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் நகரத்தின் வேறு மூலைகளுக்குப் போக வேண்டியவர்கள். பல வீடுகளில் காகிதங்களைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இழக்கப்போவதாக அஞ்சும் ஊர் தாமிரபரணிக்கரையில் இல்லை, மாஹிம் சிற்றோடைப் பக்கம் இருக்கிறது. இந்த நேரத்தில், நாடுவிட்டு நாடு எறியப்பட்டவனின் நாவலை நெல்லை ஏக்கமாகச் சுருக்கி அவர்கள் முன்னால் வைப்பது நியாயம் இல்லை.

நாவலில் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. மரகதத்துக்குக் கிடைத்த அளவுகூட உள்மனம் பாண்டியன் சந்திக்கும் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்கள் பயணம் போகிறார்கள், மாறுகிறார்கள். பெண்கள் துறைமுகங்களில் நிற்கிறார்கள். கண்ணகியை முப்பது காதம் நடக்கவைத்த மொழியில் இது பின்னடைவுதான். இதையும் மேடையில் வெளிப்படையாகப் பேசுங்கள். இளம் பெண்கள் படிக்கும்போது முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பாண்டியனும் மாணிக்கமும் மற்ற நண்பர்களும் குடித்துக்கொண்டு தமிழர் பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் உரையாடல்கள் நீளமானவை. கூட்டத்தில் அவற்றைத் தவிர்க்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள் என்று தெரியும். தவிர்க்க வேண்டாம். ஊரைவிட்டு வெளியே வந்து, நாலு சாதி மனிதர்களோடு பழகி, உயிருக்கு ஆபத்தான நேரங்களைக் கடந்த பிறகுதான் அவர்களால் நம் பழம்பெருமையை அப்படி எடைபோட முடிகிறது. சின்னமங்கலத்திலேயே இருந்திருந்தால் அந்தப் பேச்சு வாயில் வந்திருக்காது. பயணம் அவர்களுக்குக் கொடுத்தது இந்தக் கண். இதை மறைத்துவிட்டுப் பாண்டியனை வீரத் தமிழனாக விளம்பரத் தட்டியில் வரைந்தால் சிங்காரத்துக்கு அதைவிடப் பெரிய துரோகம் இருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாவலை ஒரே மாலையில் முடிக்க வேண்டாம். மாதம் ஒரு பகுதியாகப் போகட்டும். தொங்கான் பயணத்தில் தொடங்குங்கள்; கதைச் சுருக்கம் சொல்லிக்கொள்ளலாம். உரக்கப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இங்கே பிறந்தவர்களாக இருக்கட்டும். எழுத்து வராதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். உச்சரிப்பைத் திருத்துவதற்காக நடுவில் யாரும் நிறுத்த வேண்டாம். படித்ததைப் பற்றி இந்தியிலோ மராத்தியிலோ பேச வந்தால் பேசவிடுங்கள். பாண்டியன் காலத்து மேடானில் அதற்குத் தடை இருந்ததில்லை. கடைசி அமர்வில் 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்து, செல்லையாவும் வானாயீனாவும் பேசும் இடத்தை ஒரு பெரியவரும் ஒரு இளைஞரும் ஆளுக்கொரு பக்கமாகப் படிக்கட்டும்.

என்னிடம் இரண்டு நாவல்களும் சேர்ந்த பிரதிகள் கைவசம் உண்டு. வாசிப்புக்கு இரவல் தருகிறேன். இடம் சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்துவரும் தூரத்தில் இருந்தால் தாராவியிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருவதற்கு ஒன்றுபோல வசதி. நேரம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் வையுங்கள். காலையில் வைத்தால் இட்லி வியாபாரம் முடிந்து வீடு திரும்பும் பெண்களால் வர முடியாது. அந்தக் கல்லூரிப் பெண்ணின் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி